கர்ப்ப கால உடைகள்: எதை, எப்போது, எந்த வரிசையில் வாங்குவது

மூன்றாம் மாதம் முடிந்து வாந்தி சற்று அடங்கியதும் அம்மாவோ மாமியாரோ கடைக்கு அழைத்துச் செல்ல, வழக்கமான அளவைவிட இரண்டு அளவு பெரிதாகப் பார்த்து ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்கிவிடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. ஏழாம் மாதத்தில் அவற்றில் பாதி தோளில் தொங்கும், வயிற்றில் பிடிக்கும். குழந்தை பிறந்த பிறகு பார்த்தால், பாலூட்டுவதற்கு வசதியாக முன்பக்கம் திறக்கும் உடை ஒன்றிரண்டுகூடத் தேறாது.

இதற்குக் காரணம் துணியின் தரமோ விலையோ அல்ல, வாங்கிய வரிசை. உடல் மாறும் வரிசையிலேயே உடையும் வாங்கப்பட வேண்டும்; ஒவ்வொன்றையும் வாங்கும்போது பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். நைட்டி, சுடிதார், புடவை என்று தமிழ்நாட்டுப் பெண்கள் அன்றாடம் உடுத்தும் உடைகளையும் இங்குள்ள வெயிலையும் மனத்தில் வைத்து, அந்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

1. கடைக்குப் போகும் முன் அலமாரியைப் பிரியுங்கள்

வீட்டில் இருக்கும் உடைகளை மூன்றாகப் பிரித்து வையுங்கள்: இன்னும் இரண்டு மாதம் போட முடிந்தவை, கடைசி வரை போட முடிந்தவை, குழந்தை பிறந்து சில மாதங்கள் ஆகும் வரை தொடவே முடியாதவை. மூன்றாவது வகையை மடித்து மேல் அடுக்கில் வைத்துவிட்டால், காலையில் அவசரத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து மனம் நோகும் வேலை மிச்சமாகும்.

இரண்டாவது வகை நீங்கள் நினைப்பதைவிடப் பெரிதாக இருக்கும். புடவைகள் அனைத்தும், பட்டியாலா பேண்ட்டுகள், துப்பட்டாக்கள், நெஞ்சுக்குக் கீழே சுருக்கம் வைத்துத் தைத்த குர்த்திகள், கணவரின் பழைய பருத்திச் சட்டைகள் ஆகியவை இதில் சேரும். சட்டையை ஏளனமாக நினைக்க வேண்டாம். முன்பக்கம் முழுவதும் பொத்தான் உள்ள தளர்ந்த சட்டையும் ஒரு பட்டியாலா பேண்ட்டும் வீட்டில் உடுத்த மிகவும் வசதியானவை, பாலூட்டும் காலத்திலும் பயன்படும்.

அதன் பிறகு அக்கா, அண்ணி, நாத்தனார் ஆகியோரிடம் கேளுங்கள். கர்ப்ப கால உடைகள் சில மாதங்களே உடுத்தப்படுவதால் அநேகமாகப் புதிதுபோலவே இருக்கும். நைட்டி, குர்த்தி, பேண்ட் ஆகியவற்றை வாங்கிக்கொள்ளலாம். உள்ளாடையை மட்டும் வாங்க வேண்டாம். சுத்தம் ஒருபுறம் இருக்க, அது அவரவர் அளவுக்கே பொருந்துவது.

2. வாங்குவதை மூன்று தவணையாகப் பிரியுங்கள்

கருப்பை ஏறத்தாழ 12 ஆவது வாரம் வரை இடுப்பெலும்புக்குள்ளேயே இருக்கிறது. 20 ஆவது வாரத்தில் தொப்புள் அளவுக்கு உயர்கிறது. 36 ஆவது வாரத்தில் விலா எலும்பின் அடிவரை எட்டுகிறது. மார்பகமோ இதற்கெல்லாம் முன்பே, இரண்டாம் மாதத்திலேயே பெரிதாகத் தொடங்கிவிடும். ஆகவே முதலில் இறுகுவது பாவாடை அல்ல, பிராதான்.

முதல் தவணை மூன்றாம் மாத அளவில்: உள்ளாடையும் ஒன்றிரண்டு தளர்ந்த பேண்ட்டும் மட்டும். இரண்டாம் தவணை ஐந்தாம் மாத முடிவில்: நைட்டி, குர்த்தி, பாவாடை ஆகிய முக்கியமான கொள்முதல். மூன்றாம் தவணை 34 முதல் 36 ஆவது வாரத்தில்: பாலூட்டும் பிராவும் மருத்துவமனைக்கு வேண்டியவையும். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய்வீடு செல்லும் வழக்கம் உள்ளவர்கள், மூன்றாம் தவணையை எந்த ஊரில் வாங்குவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இரண்டாம் தவணையை ஐந்தாம் மாத முடிவுக்கு வைப்பதற்குக் காரணம் உண்டு. அப்போது வயிறு எந்தத் திசையில் வளர்கிறது என்பது ஓரளவு தெரிந்துவிடும். சிலருக்கு முன்னோக்கியும் சிலருக்குப் பக்கவாட்டிலும் பரவும். கடைத்தெருவில் நடந்து திரியும் தெம்பும் பெரும்பாலோருக்கு அந்த மாதங்களில்தான் இருக்கும். இரட்டைக் குழந்தை என்றால் எல்லாவற்றையும் சில வாரங்கள் முன்னதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

தவணையைத் தீர்மானித்ததும், உங்கள் எட்டாம், ஒன்பதாம் மாதங்கள் எந்தப் பருவத்தில் வருகின்றன என்று பாருங்கள். கத்திரி வெயிலில் வந்தால் மெல்லிய பருத்தியாக, ஒரு நாளைக்கு இரண்டு முறை மாற்றும் அளவுக்கு எண்ணிக்கை வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வந்தால் துணி காய இரண்டு நாள் ஆகும் என்பதால், கனமான துணியைத் தவிர்த்து விரைவில் காயும் மெல்லியதையே கூடுதலாக வாங்க வேண்டும். எத்தனை வேண்டும் என்பதை உங்கள் வீட்டுக் கொடிக்கயிறுதான் முடிவு செய்கிறது.

3. அளவெடுங்கள், எழுதி வையுங்கள்

தையல் நாடா ஒன்று போதும். மார்பின் மேல் சுற்றளவு, மார்புக்குக் கீழே விலாவைச் சுற்றிய அளவு, தொப்புள் மட்டத்தில் வயிற்றின் சுற்றளவு, இடுப்பின் அகன்ற பகுதி, மேற்கை, தோளின் அகலம் ஆகிய ஆறையும் எடுங்கள். நின்றுகொண்டு எடுத்த பிறகு, வயிற்றளவையும் இடுப்பளவையும் உட்கார்ந்துகொண்டு மீண்டும் எடுங்கள். உட்காரும்போது இரண்டும் கூடும். நாளின் பெரும்பகுதியை உட்கார்ந்தே கழிக்கும் மாதங்களுக்கு அந்த அளவுதான் பொருந்தும்.

தோளளவை ஏன் எடுக்கிறோம் என்று கேட்கலாம். வயிறு எவ்வளவு வளர்ந்தாலும் தோள் அநேகமாக மாறுவதில்லை. வழக்கமான குர்த்தியில் இரண்டு அளவு மேலே போகும்போது கழுத்து அகன்று, தோள் தையல் கைக்கு இறங்கி, கையிடுக்கு தொங்கிவிடுகிறது. ஆகவே கர்ப்ப காலத்துக்கென்றே தைத்த உடையில் உங்கள் பழைய அளவையே முதலில் போட்டுப் பாருங்கள். வயிற்றுக்கான இடத்தை அதில் ஏற்கெனவே விட்டிருப்பார்கள். சாதாரண உடை என்றால் ஓர் அளவு மட்டும் கூட்டி, அகலத்தை உடையின் வெட்டில் தேடுங்கள்.

4. துணியைத் தொட்டுப் பார்க்கும் முறை

கர்ப்ப காலத்தில் உடல் சூடு அதிகமாகத் தெரியும், வியர்வையும் கூடும். மார்புக்குக் கீழேயும் வயிற்றின் அடி மடிப்பிலும் வியர்வை தங்கினால் அரிப்பும் பூஞ்சைத் தொற்றும் வரும். அதனால் தோலை ஒட்டி இருக்கும் எதுவும் பருத்தியாக இருக்கட்டும்.

பாப்ளின் நைட்டிக்கு ஏற்றது. உறுதியானது, வெளுக்க வெளுக்க மென்மையாகும். மல் துணி அதைவிட மெல்லியது, ஆனால் நிழல் தெரியும் என்பதால் உள்ளே சிம்மீஸ் தேவைப்படும். ரேயான் உடலோடு வழிந்து குளுமையாக இருக்கும். ஆனால் முதல் துவைப்பில் நன்றாகச் சுருங்கும், ஈரத்தில் வலுவிழக்கும், அடித்துத் துவைத்தால் விரைவில் நைந்துவிடும். லெக்கின்ஸ், பனியன் துணி நைட்டி ஆகியவற்றுக்குப் பருத்தியில் சிறிதளவு லைக்ரா கலந்தது நல்லது. கிரேப், ஜார்ஜெட், சாட்டின் என்று பாலியஸ்டரில் வருபவற்றை விருந்துக்குச் சில மணி நேரம் உடுத்தலாம், அன்றாடத்துக்கு ஆகாது.

'பியூர் காட்டன்' என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். வாங்கி வந்த உடையின் உள் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டினால், பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கடினமான முத்தாகத் திரளும். ஒரே கடையில் பல நைட்டிகள் வாங்கப் போகிறீர்கள் என்றால், முதலில் ஒன்றை வாங்கி இதைச் செய்து பார்த்துவிட்டு மற்றவற்றை வாங்கலாம்.

5. உள்ளாடையிலிருந்து தொடங்குங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். வெளியே தெரியும் உடைக்குச் செலவழித்துவிட்டு உள்ளாடையைப் பழையதிலேயே ஓட்டுவார்கள். தோளில் வலி, மார்புக்குக் கீழே சிவந்த தடம், சாப்பிட்டதும் மூச்சு முட்டுவதுபோன்ற இறுக்கம் ஆகியவற்றில் பல, இறுகிய பிராவினால் வருபவை.

பிரா வாங்கும்போது கம்பி வைக்காததாக, தோள்பட்டி அகலமானதாக, பின்பக்கம் மூன்று நான்கு வரிசைக் கொக்கி உள்ளதாகப் பாருங்கள். புதிதாக வாங்கும்போது நடு வரிசையில் பொருந்த வேண்டும். சாதாரண நாட்களில் பிராவை வெளி வரிசையில் பொருந்தும்படி வாங்கி, தளரத் தளர உள்ளே நகர்த்துவார்கள். இப்போதோ விலாவும் விரிவதால் வெளிப்பக்கமாகவும் இடம் வேண்டும். சுற்றளவு மட்டும் பற்றாமல் கிண்ண அளவு (கப் சைஸ்) சரியாக இருக்கிறது என்றால், புது பிரா வாங்காமல் கொக்கி நீட்டிப்புப் பட்டை ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ஃபேன்ஸி ஸ்டோர்களில் மிகக் குறைந்த விலைக்கே கிடைக்கும்.

பாலூட்டும் பிராவை மூன்றாம் மாதத்திலேயே வாங்கச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்வதில்லை. பிரசவத்துக்குப் பின் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் பால் பெருகும்போது மார்பகம் மேலும் பெரிதாகும். 36 ஆவது வாரத்தில், அப்போதைய அளவைவிடக் கிண்ணம் ஓர் அளவு பெரிதாக, இரண்டே இரண்டு வாங்குங்கள். பால் சுரப்பு சீரான பிறகு மேலும் தேவையானதை அன்றைய அளவுக்கு வாங்கிக்கொள்ளலாம். கிண்ணத்தின் கொக்கியை ஒரே கையால் திறந்து மூட முடிகிறதா என்று பாருங்கள். மறு கையில் குழந்தை இருக்கும்.

பேன்ட்டீஸ் முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். கர்ப்ப காலத்தில் வெள்ளைப்படுதல் இயல்பாகவே கூடும். காற்றோட்டம் இல்லாத துணியில் அது தொற்றாக மாற வாய்ப்புண்டு. வயிற்றுக்குக் கீழே அமரும் வகை, வயிறு முழுவதையும் மூடும் வகை என்று இரண்டு கிடைக்கின்றன. கர்ப்பத்தில் எது பிடிக்கிறதோ அதை உடுத்தலாம்; ஆனால் வயிறு மூடும் உயர் இடுப்பு வகையில் ஆறேனும் கட்டாயம் வைத்திருங்கள். சிசேரியன் ஆனால் தாழ்ந்த எலாஸ்டிக் சரியாகத் தையலின் மேல் உராயும். பிரசவத்துக்குப் பின் நான்கு முதல் ஆறு வாரங்கள் உதிரப்போக்கு இருக்கும் என்பதால் பெரிய நாப்கின் நிற்கவும் அகலமான அடிப்பகுதி தேவை.

வயிற்றைத் தாங்கும் பெல்ட், காலுக்கு அழுத்தம் தரும் சாக்ஸ் ஆகியவை உடைக் கடையில் தொங்கினாலும் உடைகள் அல்ல. மருத்துவர் சொல்லாமல் அவற்றை வாங்க வேண்டாம்.

6. நைட்டி: ஜிப்பைப் பார்த்த பிறகே நிறத்தைப் பாருங்கள்

நம் வீடுகளில் அதிக மணி நேரம் உடுத்தப்படுவது நைட்டிதான் என்பதால் இதில் சற்று நேரம் செலவழிப்பது தகும். ஐந்தாம் மாத முடிவில் நான்கு வாங்குங்கள். நான்கும் ஃபீடிங் நைட்டியாகவே இருக்கட்டும். சாதாரண நைட்டியைவிடச் சற்று விலை கூடுதல் என்றாலும், பிரசவத்துக்குப் பின் மறுபடி நான்கு வாங்கும் செலவு மிச்சமாகும்.

ஃபீடிங் நைட்டியில் இரண்டு அமைப்புகள் பரவலாக உள்ளன. நடுவில் ஒரே ஜிப் வைத்தது ஒன்று. மார்பின் இரு பக்கமும் மடிப்புக்குள் மறைத்து இரண்டு ஜிப் வைத்தது மற்றொன்று. வீட்டில் உறவினர் வந்துபோகும் நேரத்தில் இரு பக்க ஜிப்தான் வசதி, ஏனெனில் ஒரு பக்கம் மட்டும் திறந்தால் போதும். ஜிப்பின் நீளம் ஏழு அங்குலமாவது இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் நைட்டியைக் கழுத்து வழியே இழுக்க வேண்டிவரும். உலோகப் பற்கள் உள்ள ஜிப் குழந்தையின் கன்னத்தில் உரசும். பிளாஸ்டிக் பற்களும், உள்ளே துணிப் பட்டி தைத்ததும் நல்லவை. கடையிலேயே ஐந்தாறு முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். அங்கேயே சிக்கும் ஜிப் வீட்டுக்கு வந்து சரியாகப் போவதில்லை.

நீளத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. ரெடிமேட் நைட்டிகள் பெரும்பாலும் 54 முதல் 56 அங்குல நீளத்தில் வருகின்றன. குள்ளமானவர்களுக்கு அது தரையைத் தொடும். எட்டாம் மாதத்தில் குனிந்து காலைப் பார்க்க முடியாத நிலையில், படியில் ஏறும்போது அந்த விளிம்பை மிதித்து இடறுவது உண்மையான ஆபத்து. ஆனால் உடனே வெட்டிவிட வேண்டாம். வயிறு முன்பக்க விளிம்பைச் சில அங்குலம் தூக்கிவிடும், துணியும் சுருங்கும். முதல் துவைப்புக்குப் பிறகு, கணுக்காலுக்கு மேல் நிற்கும்படி விளிம்பை உள்ளே மடித்து நூலோட்டம் போட்டு வைத்தால், பிறகு பிரித்துவிடலாம்.

7. சுடிதார், குர்த்தி, பேண்ட்

பரிசோதனைக்குப் போகும் நாட்களை நினைத்து வாங்குங்கள். ஸ்கேன் எடுக்கும்போது மேலாடையை மார்புக்குக் கீழே வரை உயர்த்தி, கீழாடையை அடிவயிற்றுக்குக் கீழே இறக்க வேண்டும். மேலும் கீழும் தனித்தனியான உடை என்றால் இது எளிது. தரை வரை நீண்ட அனார்கலியோ ஒரே துண்டாக வரும் மேக்ஸியோ என்றால் முழுவதையும் சுருட்டி ஏற்ற வேண்டியிருக்கும். ஆரம்ப சுகாதார நிலையமாக இருந்தாலும் தனியார் மருத்துவமனையாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். கை முழங்கைக்கு மேல் சுருள வேண்டும். இறுகிய முக்கால் கை இதற்கு ஒத்துவராது.

குர்த்தியில் ஏ-லைன், அம்பர்லா கட், நெஞ்சுக்குக் கீழே பிளீட்ஸ் வைத்தது ஆகிய மூன்றும் கடைசி வரை நிற்கும். நேர்வெட்டுக் குர்த்தியைத்தான் பிடிக்கும் என்பவர்கள், சைடு ஓப்பன் உயரமாக ஆரம்பிப்பதை எடுங்கள். குர்த்தியின் நீளம் முழங்காலுக்குக் கீழே நான்கு விரற்கடையாவது இருக்கட்டும். ஏழாம் மாதத்தில் முன்பக்கம் உயர்ந்து, பின்பக்கம் நீண்டு தெரியும்போது அதன் காரணம் புரியும். கழுத்திலிருந்து பொத்தான் வைத்த குர்த்தி பாலூட்டவும் உதவும். ஆனால் பொத்தான் உண்மையில் திறக்கிறதா, வெறும் அலங்காரத்துக்குத் தைத்திருக்கிறார்களா என்று பிரித்துப் பாருங்கள். ரெடிமேட் குர்த்திகள் பலவற்றில் அது அலங்காரம்தான்.

பேண்ட் வகையில் வயிற்றை முழுவதும் மூடும் அகலப் பட்டி வைத்த லெக்கின்ஸ் இப்போது பரவலாகக் கிடைக்கிறது. குளிரூட்டிய அலுவலகத்தில் வேலை செய்பவர்களுக்கு அது நல்லது. பேருந்தில் போய்வருபவர்களுக்கும் சமையலறையில் நிற்பவர்களுக்கும் அந்தப் பட்டிக்குள் வியர்வை தேங்கும். அவர்களுக்கு என் பரிந்துரை பட்டியாலா அல்லது தளர்ந்த பருத்தி பேண்ட்தான். நாடாவை உருவிவிட்டு ஓர் அங்குல அகலமுள்ள எலாஸ்டிக்கைக் கோத்து, அதன் முனையைத் தைக்காமல் ஊக்கால் பிணைத்து வைத்தால், மாதத்துக்கு ஒருமுறை தளர்த்திக்கொள்ளலாம். ஊக்கு இருக்கும் இடம் பக்கவாட்டில் வரட்டும், வயிற்றின் மேல் வேண்டாம்.

இருசக்கர வாகனத்தின் பின்னால் உட்கார்ந்து செல்பவர்கள் நீண்ட துப்பட்டாவை விட்டுவிடுங்கள். சக்கரத்தில் சிக்குவது எப்போதும் உள்ள ஆபத்துதான். இப்போது சமநிலையும் குறைந்திருக்கும். மேலே ஒரு பருத்தி ஓவர்கோட் போதும்.

8. புடவை கட்டுபவர்களுக்கு: பாவாடையும் பிளவுஸும்தான் வேலை

புடவைக்கு அளவு கிடையாது. ஐந்தரை மீட்டரில் வயிறு சுற்றளவைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும்போது கொசுவத்தில் ஒன்றிரண்டு மடிப்பு குறையும், அவ்வளவுதான். பிரச்சினை வருவது உள்ளே இருக்கும் பாவாடை நாடாவில். கயிறுபோன்ற மெல்லிய நாடா தோலில் பதிந்து, வியர்வையும் சேர்ந்து புண்ணாக்கிவிடும். அதை உருவி எறிந்துவிட்டு, ஒன்றரை அங்குல அகலத்தில் பருத்தி நாடாவைக் கோத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் மாதத்திலிருந்து வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பின் மேல் கட்டி, முடிச்சைப் பக்கவாட்டில் போடுங்கள். மீன்வால்போல இறுக்கிப் பிடிக்கும் ஷேப்வேர் பாவாடையை இந்த மாதங்களில் முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

கட்டும்போது முன்பக்கத்தைத் தரையிலிருந்து ஓர் அங்குலம் உயர்த்தியே செருகுங்கள். கொசுவத்தை வயிற்றின் மேல் ஊக்கால் குத்த வேண்டாம். உட்கார்ந்து எழும்போது ஊக்கு திறந்துகொள்ளும். தோளில் ஒரு ஊக்கு போதுமானது. அன்றாடத்துக்கு மல் காட்டன், சுங்குடி போன்ற மெல்லிய புடவைகள் ஏற்றவை. புதுச் சுங்குடியில் கஞ்சி விறைப்பாக இருந்தால் இரண்டு முறை அலசிய பிறகு கட்டுங்கள்.

பிளவுஸ் தைக்கக் கொடுக்கும்போது தையல்காரரிடம், "பக்கத்துல ரெண்டு பக்கமும் ஒன்றரை இஞ்ச் உள்ள விட்டுத் தைங்க, பின்னாடி பிரிச்சுக்கணும்" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அரை அங்குலம்தான் விடுவார்கள். முன்பக்கக் கொக்கி வைக்கச் சொல்லுங்கள். பின்கொக்கி பிளவுஸை எட்டாம் மாதத்தில் தானாகப் போட முடியாது, பாலூட்டவும் உதவாது. பிரின்சஸ் கட்டில் பக்கத் தையலைப் பிரித்தாலும் மார்பின் மேல் ஓடும் தையலைத் தளர்த்த முடியாததால், இப்போதைக்குச் சாதாரண வெட்டே போதும். தினமும் புடவை கட்டி வேலைக்குப் போகும் ஆசிரியைகள், அலுவலர்கள் கறுப்பு, மெரூன், சந்தன நிறங்களில் இழுபடும் பனியன் துணி பிளவுஸ் மூன்று வாங்கிவிட்டால், பெரும்பாலான புடவைகளுக்கு ஒத்துப்போகும்.

9. வளைகாப்புப் பட்டு

வளைகாப்பு அன்று பல மணி நேரம் மணையிலோ நாற்காலியிலோ உட்கார்ந்திருக்க வேண்டும். ஜரிகை கனத்த புடவையைவிட, கரை மட்டும் அகலமாகவும் உடல் மெல்லியதாகவும் உள்ள பட்டு நல்லது. புடவையை முன்பே எடுத்துக்கொள்ளலாம். பிளவுஸ் அளவை மட்டும் விழாவுக்கு இரண்டு வாரத்துக்குள் கொடுங்கள். ஒரு மாதம் முன்பே கொடுத்துவிட்டு, காலையில் கொக்கி எட்டாமல் ஊக்கு தேடும் காட்சி மிகவும் சாதாரணமாக நடக்கிறது.

கை முழங்கைக்கு மேலேயே முடியட்டும். இரு கைகளிலும் அடுக்கடுக்காக வளையல் ஏறும், சந்தனமும் பூசுவார்கள். நீண்ட கையில் ஆரி வேலைப்பாடு செய்திருந்தால் கண்ணாடி வளையல் அதில் மாட்டி உடையும், சந்தனக் கறை ஜரிகையிலிருந்து எளிதில் போகாது.

10. எங்கே வாங்குவது, எப்படிச் சோதிப்பது

சென்னை ரங்கநாதன் தெரு, மதுரை விளக்குத்தூண், கோவை ஒப்பணக்கார வீதி போன்ற இடங்களில் நைட்டியும் பாவாடையும் மலிவாகவும் பல வகையாகவும் கிடைக்கும். வார நாட்களில் காலை பதினொரு மணிக்குள் போய் வந்துவிடுங்கள். ஆடியிலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் அந்த நெரிசலுக்குள் போகவே வேண்டாம், துணைக்கு வருபவரை அனுப்புங்கள். திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய பனியன் துணி உடைகள் கிடைக்கும். லேபிளில் உள்ள அளவு வெளிநாட்டுக்குரியது என்பதால் நாடாவால் அளந்தே எடுக்க வேண்டும்.

நைட்டியையும் உள்ளாடையையும் பல கடைகளில் போட்டுப் பார்க்க விடமாட்டார்கள். அதற்காகத்தான் அளவு எழுதிய சீட்டும் தையல் நாடாவும். போட்டுப் பார்க்க முடிந்த உடையில் இப்படிச் சோதியுங்கள்: துப்பட்டாவை மடித்து வயிற்றின் மேல் வைத்து உடையைப் போட்டு, நாற்காலியில் உட்காருங்கள், இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள், செருப்பு போடுவதுபோலக் குனியுங்கள். எங்காவது இழுத்தால் அந்த இடம் இரண்டு மாதத்தில் கிழியும்.

இணையத்தில் வாங்கும்போது எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் என்ற எழுத்துகளை நம்பாமல், உடையின் அளவு அங்குலத்தில் தரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது உடையின் அளவா, உடுத்துபவரின் உடல் அளவா என்பதும் முக்கியம். வாங்கியவர்கள் போட்ட படங்கள் விளம்பரப் படத்தைவிட உண்மை சொல்லும். உள்ளாடையைப் பெரும்பாலும் திருப்பி எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே அதை நேரில் வாங்குங்கள்.

செருப்பையும் இந்தப் பயணத்திலேயே பார்த்துவிடலாம். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், பட்டையைத் தளர்த்திக்கொள்ளக்கூடிய, வழுக்காத தட்டைச் செருப்பாக எடுங்கள். முகமும் கையும் திடீரென்று வீங்கினால் மட்டும் பெரிய அளவு செருப்பையோ வளையலையோ தேடாமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். அது இரத்த அழுத்தம் உயர்ந்ததன் அறிகுறியாக இருக்கலாம்.

11. முதல் துவைப்பு

வாங்கிய எதையும் துவைக்காமல் உடுத்த வேண்டாம். புதுத் துணியில் கஞ்சியும் மெருகுக்கான இரசாயனங்களும் இருக்கும். வயிறு விரிவதால் ஏற்கெனவே அரிக்கும் தோலுக்கு அவை ஆகாது. அடர்ந்த நிறங்களைத் தனித்தனியே ஊறவைத்து, சாயம் விடுகிறதா என்று பாருங்கள். நீளத்தையும் சுற்றளவையும் துவைத்துக் காய்ந்த பிறகு மீண்டும் அளந்தபின் தையல்காரரிடம் கொடுங்கள். துவைத்த உடையிலும் உள்ளங்கை, உள்ளங்காலில் கடுமையாக அரித்தால் துணியைக் குறை சொல்லிக்கொண்டு காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்; கல்லீரல் சார்ந்த காரணமாகவும் இருக்கலாம்.

12. மருத்துவமனைப் பை

36 ஆவது வாரத்துக்குள் பையைக் கட்டி வைத்துவிடுங்கள். முன்பக்கம் திறக்கும் நைட்டி மூன்று, ஒன்று மட்டும் அடர்ந்த நிறத்தில். உயர் இடுப்புப் பேன்ட்டீஸ் ஆறு. பாலூட்டும் பிரா இரண்டு. அகலமான பருத்தித் துண்டு அல்லது துப்பட்டா இரண்டு. வீட்டுக்குத் திரும்பும்போது உடுத்த ஒரு தளர்ந்த உடை. சில மருத்துவமனைகள் பிரசவ அறைக்குத் தங்களுடைய உடையையே தரும், சில முன்பக்கம் கட்டும் நைட்டிதான் வேண்டும் என்று சொல்லும். எட்டாம் மாதப் பரிசோதனையின்போதே செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது உடுத்தும் உடையைப் பழைய அளவில் எடுத்து வைப்பது எல்லோரும் செய்யும் தவறு. பிரசவத்தன்றே வயிறு பழைய நிலைக்குத் திரும்பாது. ஆறாம் மாத அளவில் இருக்கும் என்று வைத்துக்கொண்டு, இரண்டாம் தவணையில் வாங்கிய உடைகளிலிருந்து ஒன்றை எடுத்து வையுங்கள்.

குழந்தைக்குப் பிறப்பதற்கு முன் புதுத்துணி எடுக்காத வழக்கம் பல வீடுகளில் உண்டு. அங்கே பழைய பருத்தி வேட்டியையோ பாட்டியின் நூல் புடவையையோ வெந்நீரில் துவைத்து, வெயிலில் காயவைத்து, இரண்டு முழச் சதுரங்களாக ஏழெட்டு வெட்டி அதே பையில் வையுங்கள். ஓரத்தைத் தைக்க வேண்டாம்; தையல் விளிம்பு பச்சிளங் குழந்தையின் தோலில் உறுத்தும்.